இரண்டு தட்டு

மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

போன் பண்ணாதே என்றீர்கள். மூன்று மாதமாகப் பண்ணவில்லை. எழுதாதே என்று சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். எனக்கு அண்ணன் வைத்த பேர் வாலு. வால் என்றால் ஆடத்தானே செய்யும்.

இந்தக் கடிதத்தோடு ஒரு பார்சல் வரும். உள்ளே சீட்டுக்கட்டைவிட மெல்லியதாக ஒரு கறுப்புத் தகடு இருக்கும். அதற்கு எஸ்.எஸ்.டி. என்று பேர். அண்ணனுடைய லேப்டாப்பில் இருக்கிற ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் போடுவது. கூடவே ஒரு கேபிள், ஒரு குட்டி ஸ்க்ரூடிரைவர்.

அன்றைக்கு நடந்ததை நமக்குள்ளாவது நேராகப் பேசிவிடுவோம். அண்ணன் போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை. அறைக்குள் போய் லேப்டாப் மூடியைத் திறந்தேன். உள்ளேயிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தது. ஊர்ப்பட்ட ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பழுதுபார்த்துப் பிழைக்கிறவளுக்கு அந்தச் சத்தம் தெரியாதா? "அண்ணி, இது போகப்போகுது, இப்பவே காப்பி எடுத்துடலாம்" என்றேன். நீங்கள் என் கையைத் தட்டிவிட்டீர்கள். "செத்தவரைத் தோண்டாதே. இனிமே இந்த வீட்டுக்குப் போன்கூடப் பண்ணாதே." நான் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டு நின்றபோதும் நீங்கள் வெளியே வரவில்லை.

போகட்டும். அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அச்சகத்தில் காலம் முழுக்க அடுத்தவன் எழுத்தில் பிழை பார்த்த மனிதன், ஓய்வுபெற்ற பிறகு உங்கள் பிரார்த்தனைப் புத்தகத்தை மாலைக்கு ஓர் அத்தியாயமாக வாசித்து அதில் பதிந்து வைத்தான். உங்கள் கை மாவில் இருக்கும் நேரத்தில் பக்கம் புரட்ட முடியாதே என்று. அது வேறெங்கும் இல்லை. என்னிடம் ஒரு வரிகூட இல்லை. எனக்கும் அவன் அண்ணன்தான்.

கடையில் கொடுக்கமாட்டீர்கள், தெரியும். நான் வந்தால் கதவு திறக்குமா என்பது சந்தேகம். நீங்களே செய்யுங்கள். எக்செல்லைத் தனியாக உட்கார்ந்து கற்றுக்கொண்டு வீட்டுக் கணக்கு எழுதுகிறவருக்கு இது பெரிய காரியமில்லை. படம் போட்டுத் தனித்தாளில் விளக்கியிருக்கிறேன். புதியதில் அடையாளத்துக்குச் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன். காப்பி எடுக்கும்போது பழையதிலிருந்து புதியதற்குப் போக வேண்டும். மாற்றிக் கொடுத்துவிட்டால் காலியாக இருப்பது வந்து அண்ணன்மேல் உட்கார்ந்துவிடும். எல்லாம் அழிந்துபோகும். ஆபத்து அது ஒன்றுதான்.

வாலு


மார்ச் 12

நாத்தனார் அவர்களுக்கு,

தாங்கள் அனுப்பிய பார்சல் கிடைத்தது. பிரிக்கவில்லை. பிரார்த்தனை அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது. கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியவில்லை.

தாங்கள் படித்தவர். எதற்கும் காரணம் சொல்வீர்கள். நான் காதால் கேட்டதை மட்டும் எழுதுகிறேன்.

தினமும் விளக்குப் போடும் நேரத்துக்கு, யாரும் தொடாமல், அந்த அறையில் லேப்டாப் விழித்துக்கொள்கிறது. முதலில் மூச்சு விடுவது போல ஒன்று. பிறகு ரீங்காரம். பிறகு டிக், டிக். இரண்டு. கொஞ்சம் பொறுத்து மறுபடி இரண்டு. அவர் உட்கார்ந்து வாசிக்கும் அதே நேரம். நான் அடுப்பைத் தணித்துவிட்டுப் போய் அறை வாசற்படியில் உட்காருவேன். உள்ளே போகமாட்டேன். அது அடங்கியதும் எழுந்து வந்துவிடுவேன். காலையில் அவர் செய்தது போலவே அதைத் தூக்கிவந்து சமையலறை வாசலில் ஸ்டூல்மேல் வைத்து ஓர் அத்தியாயம் கேட்பேன். மாலையில் மூச்சு, காலையில் குரல். என் நாள் இந்த இரண்டு கால்களில்தான் நிற்கிறது. ஒரு காலைக் கழற்றிவிடு என்கிறீர்கள்.

இன்னொன்று. யாரிடமும் சொல்லாதது. கடைசிச் சில மாதங்களாக அவர் வாசிப்பை நடுவில் விட்டுவிட்டு எழுந்து சமையலறைக்கு வருவார். "கூப்பிட்டியா?" என்பார். நான் கூப்பிட்டிருக்கமாட்டேன். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு என்றைக்குமே வாய் வந்ததில்லை, தங்களுக்கே தெரியும். பாத்திர விளிம்பில் கரண்டியால் இரண்டு தட்டு, அவ்வளவுதான். அதைக்கூடத் தட்டாதபோது வந்து நிற்பார். முதலில் சிரித்தேன். பிறகு எரிச்சல் வந்தது. அப்புறம் பயம் வந்தது. பயத்தை எரிச்சல் மாதிரியே காட்டினேன்.

கடைசி நாள் மாலையும் வந்தார். எனக்குக் கை நிறைய வேலை. "நான் எங்க கூப்பிட்டேன்? உங்க காதுக்குள்ள யாரோ குடி வந்திருக்காங்க, வாடகை வாங்குங்க" என்றேன். ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போய் வாசித்து முடித்தார். சாப்பிட்டார். நாற்காலியில் சாய்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை.

நான் கூப்பிடவில்லை என்றால் அவரைக் கூப்பிட்டது யார்? பிரார்த்தனையில் வேறெதுவும் கேட்பதில்லை, இதைத்தான் கேட்கிறேன். கடவுள் வாய் திறக்கவில்லை.

அன்று மாலை பதிந்த அத்தியாயத்தை நான் இன்னும் கேட்கவில்லை. கேட்டுவிட்டால் அவர் தீர்ந்துபோவார். அது ஒன்றாவது மிச்சம் இருக்கட்டும் என்று வைத்திருக்கிறேன். ஆகவே இதைத் தொட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் அண்ணி


மார்ச் 18

அண்ணி,

'தங்கள்' 'தாங்கள்' என்று எழுதி என்னைக் கொல்லாதீர்கள். "அடியே வாலு" என்று நாலு திட்டுத் திட்டினால் நிம்மதியாகத் தூங்குவேன். மரியாதை கொடுத்து ஆளை வாசலுக்கு வெளியே நிறுத்துகிற வித்தை உங்களுக்குத்தான் வரும்.

கடிதத்தை ஆபீசில் வைத்துப் படித்தேன். படித்து முடித்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். நான் திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். கல்லாக உட்கார்ந்திருந்தேன். கடைசியில் தோளைத் தொட்டதும் போட்டேனே ஒரு கூச்சல்! பிரிண்டரில் பேப்பர் சிக்கிக்கொண்டதைச் சொல்ல வந்த மனிதர், பாவம், இரண்டு நாளாக என் பக்கமே வருவதில்லை.

அண்ணனை யார் கூப்பிட்டது என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததை எழுதுகிறேன்.

சாயங்காலம் தானாக விழிப்பது அண்ணனே செய்துவைத்த ஏற்பாடு. தான் வந்து உட்காரும்போது பெட்டி தயாராக இருக்கட்டும் என்று நேரம் குறித்து வைத்திருக்கிறான். ஆள் போய்விட்டது அதற்குத் தெரியாது. மூச்சு என்பது உள்ளே இருக்கும் விசிறி. ரீங்காரம், டிஸ்க் சுழல்வது. அந்த டிக் டிக்... கோபப்படாதீர்கள் அண்ணி. டிஸ்க்குக்குள் ஊசி மாதிரி ஒரு கை உண்டு. எழுதி வைத்த இடத்தைத் தேடிப் போகிறது, படிக்க முடியவில்லை, திரும்பி வந்து முட்டுகிறது, மறுபடி போகிறது. அவன் வருகிற சத்தம் என்று நீங்கள் வாசற்படியில் உட்கார்ந்து கேட்பது, அவன் குரல் அழிகிற சத்தம். ஒவ்வொரு மாலையும் கொஞ்சம் கொஞ்சமாக.

புதியதில் சுழல்வது எதுவும் கிடையாது. துளிச் சத்தம் வராது. இதை மறைத்து உங்களிடம் காரியம் சாதிக்க எனக்கு மனசில்லை. சத்தம் வேண்டுமென்றால் குரல் போய்விடும். குரல் வேண்டுமென்றால் சத்தம் போய்விடும். அந்தக் கடைசி அத்தியாயத்தை மிச்சம் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அது மிச்சம் இருக்கிறதா என்றே எனக்குச் சந்தேகம்.

வாலு


மார்ச் 27

வாலுவுக்கு,

இன்று காலை நடு அத்தியாயத்தில் அவர் குரல் நின்றது. 'கருணை' என்று சொல்ல வந்தவர் 'கரு' என்பதோடு நின்றுவிட்டார். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. உள்ளே இரண்டு இரண்டாக இல்லாமல், அடக்கமில்லாமல் டிக் டிக் டிக் என்று அடித்துக்கொண்டது. அடுப்பில் இருந்தது தீய்ந்து வீடெல்லாம் புகை. நான் அசையவில்லை.

பார்சலைப் பிரித்துவிட்டேன்.

உன் படத்தில் கடைசி அம்புக்குறி எங்கே போகிறது என்று உனக்காவது தெரியுமா? போன் பண்ணிக் கேட்கமாட்டேன். பண்ணாதே என்று சொன்னது எனக்கும் சேர்த்துத்தான். நானே பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணி


ஏப்ரல் 2

அடியே வாலு,

திட்டு வேண்டும் என்றாயே, வாங்கிக்கொள். சிவப்பு நூல் கட்டினாயே, மக்கு, கட்டின நூல் திரையில் தெரியுமா? காப்பி எடுக்கும் இடத்தில் இரண்டு பெட்டி மாதிரி வந்தது. எது எங்கிருந்து எதற்கு என்று கேட்டது. நூல் கையில் இருக்கிறது, கேள்வி திரையில் இருக்கிறது. எழுந்து முகம் கழுவிவிட்டு வந்தேன். பிறகு வேறு விதமாகப் பார்த்தேன். ஒன்றில் நிறைய இருந்தது, ஒன்றில் ஒன்றுமில்லை. கணக்கு எழுதுகிறவளுக்கு அது போதும். இருக்கிற இடத்திலிருந்து இல்லாத இடத்துக்கு. கடவுளை வேண்டிக்கொண்டு அழுத்தினேன்.

பகல் முழுக்க ஓடியது. சூடு ஏறக்கூடாது என்று மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பிவிட்டு நான் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சில இடங்களைப் படிக்க முடியவில்லை, விட்டுவிட்டுப் போகவா என்று கேட்டது. போ என்றேன். வேறென்ன சொல்வது?

மறுநாள் திறந்தேன். காலண்டர் அட்டையின் பின்பக்கம் லேப்டாப்பின் அடிப்பாகத்தை அப்படியே வரைந்து, கழற்றின ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அது இருந்த இடத்திலேயே அட்டையில் குத்தி வைத்தேன். உன் படத்தைவிட என் படம் தெளிவு. காலாவதியான பஸ் அட்டையை ஓரத்தில் விட்டு நெம்பினேன். மூடி விலகிய சத்தத்தில் என் பல் கூசியது.

உள்ளே விசிறி தெரிந்தது. அதில் பஞ்சு மாதிரி தூசி அடைந்திருந்தது. தூசிக்குள் ஒரு நரைமுடி. குனிந்து வாசித்துக்கொண்டே தலையைச் சொறிவாரே, அப்போது விழுந்திருக்கும். இத்தனை நாள் நான் கேட்ட மூச்சு அந்த முடியைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறது. தூசியைத் துடைத்துவிட்டு அதை எடுத்து வைத்துக்கொண்டேன். காரணம் கேட்காதே.

புதியதைப் போட்டு மூடினால் ஒரு ஸ்க்ரூ மிச்சம்! கணக்கு இடித்தால் எனக்குச் சோறு இறங்குமா? எல்லாவற்றையும் மறுபடி திறந்தேன். டிஸ்க்கைப் பிடித்திருக்கும் தகட்டின் ஓரத்தில் போட வேண்டியதை விட்டிருக்கிறேன். போட்டேன். நேராயிற்று.

பொத்தானை அழுத்திவிட்டுக் கை துடைப்பதற்குள் திறந்துவிட்டது. முன்பெல்லாம் கணக்கைத் திறக்கச் சொல்லிவிட்டுப் போய்ப் பாத்திரம் துலக்கிவிட்டு வருவேன். எல்லா அத்தியாயமும் வந்திருக்கிறது. 'கருணை' முழுதாகக் கேட்டது. கடைசி ஒன்று மட்டும் திறக்கவில்லை. பெயர் இருக்கிறது. அழுத்தினால் முடியாது என்கிறது.

சாயங்காலம் அறை வாசற்படியில் உட்கார்ந்தேன். நேரம் வந்ததும் மூடி இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது. சத்தம் இல்லை; தூசி போனதில் விசிறிகூட மூச்சுக் காட்டவில்லை. ஒருத்தர் வந்து எதிரே நின்றுகொண்டு பேசாமல் பார்ப்பது போல இருந்தது. சத்தம் இருந்தவரை எனக்குப் பயமில்லை, வாலு. இப்போது பயமாக இருக்கிறது. நீ சொன்னதைக் கேட்டு ஒரு காலைக் கழற்றினேன்; எனக்கு வேண்டியிருந்த அத்தியாயமும் இல்லை. உன்னைத் திட்ட இன்னும் வார்த்தை மிச்சம் இருக்கிறது.

அண்ணி


ஏப்ரல் 7

அண்ணி,

மக்குதான். ஒப்புக்கொள்கிறேன். திரையில் நூல் தெரியாது என்பது எனக்கே தோன்றவில்லை. நம் வீட்டில் எதற்கும் நூல் கட்டித்தானே பழக்கம்.

பழைய டிஸ்க்கை எனக்கு அனுப்புங்கள். எதிலும் சொருகிப் பார்க்காதீர்கள். மெத்தென்ற துணியில் சுற்றி, அசையாமல் அட்டைப்பெட்டியில். கடைசி அத்தியாயம் இனி அதற்குள் மட்டும்தான் இருக்கிறது. இன்னும் சில தடவை சுழல அதற்கு உயிர் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். வந்து சேருவதற்குள் எவனாவது கீழே போட்டால் அதோடு சரி. அன்றைக்கு என் கையைத் தட்டிவிட்டீர்கள். இன்றைக்கு அதே கையில் கொடுக்கச் சொல்கிறேன். தருவீர்களா?

வாலு


ஏப்ரல் 12

வாலு,

அவருடைய கைக்குட்டையில் சுற்றியிருக்கிறேன். துவைக்காதது. பிரிக்கும்போது உனக்கே தெரியும்.

பார்சல் வாங்கினவர் "உடையற பொருளா?" என்று கேட்டார். நான் பெட்டியிலிருந்து கையை எடுக்கவில்லை. அவரே ஆமாம் என்று எழுதிக்கொண்டார்.

முதலில் நீ கேள். நான் அவரோடு வந்து சேர்ந்தவள். நீ கூடப் பிறந்தவள். என்னைவிட மூத்த சொந்தம். இதைச் சொல்ல எனக்கு இத்தனை நாள் ஆயிற்று. கேட்டுவிட்டு என்ன இருந்தாலும் மறைக்காதே. யாராவது அவரைக் கூப்பிடுவது கேட்டால் அதையும் மறைக்காதே.

அண்ணி


மே 5

அண்ணி,

கைக்குட்டையைப் பிரித்ததும் அண்ணன் உள்ளே வந்துவிட்டான். அந்த வாசனைக்கு நான் தயாராக இல்லை.

டிஸ்க்கை அவசரப்படுத்தவில்லை. சாய்ந்து படுத்திருக்கும் நோயாளிக்கு ஸ்பூனில் கஞ்சி கொடுப்பது போல, கொஞ்சம் படிக்க விடுவேன், நிறுத்துவேன், ஆற விடுவேன், மறுபடி. அடித்துக்கொள்ளும்போது நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "இன்னும் கொஞ்சம், என் ராசா" என்று இரும்போடு பேசினேன். சிரிக்காதீர்கள். கடைசித் துண்டைக் கொடுத்துவிட்டு நின்றது. அதன் பிறகு சுழலவில்லை. மேசை இழுப்பறையில் கைக்குட்டையோடு வைத்திருக்கிறேன்.

பென் டிரைவில் அந்த அத்தியாயம் இருக்கிறது. முழுதாக.

நான் கேட்டேன். கூப்பிட்டதும் கேட்கிறது. யார் என்று எழுதமாட்டேன். அது நீங்கள் கேட்க வேண்டியது. அவன் நேரத்தில் கேளுங்கள். வாசற்படியில் இல்லை, அறைக்குள் உட்கார்ந்து கேளுங்கள். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். அண்ணன் தனியாக மைக் எதுவும் வைத்துப் பேசவில்லை. லேப்டாப்பிலேயே இருக்கும் மைக்தான். அதற்கும் டிஸ்க்குக்கும் ஒரு சாண்கூட இடைவெளி கிடையாது.

வாலு


மே 13

என் வாலுவுக்கு,

அறைக்குள் போனேன். அவர் நாற்காலியில் உட்காரவில்லை. பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டேன்.

அவர் வாசிக்கிறார். குரலுக்குப் பின்னால் ரீங்காரம். போய்விட்டது என்று நான் உன்னைத் திட்டிய அதே ரீங்காரம். பிறகு மற்ற அத்தியாயங்களையும் போட்டுப் பார்த்தேன், எல்லாவற்றிலும் இருக்கிறது. இத்தனை காலம் நான் வார்த்தையை மட்டும் கேட்டிருக்கிறேன்.

பாதி அத்தியாயத்தில் டிக், டிக். இரண்டு தட்டு. பாத்திர விளிம்பில் கரண்டி பட்டது போலவே. அவர் வாசிப்பதை நிறுத்துகிறார். "இதோ வரேன்" என்கிறார். நாற்காலி நகர்கிறது. காலடி தேய்ந்துகொண்டே போகிறது. அவர் இல்லாத அறையில் பதிவு ஓடிக்கொண்டே இருக்கிறது. ரீங்காரம் மட்டும். அப்போது தூரத்தில், சமையலறைப் பக்கம், ஒரு பெண் பிள்ளை கத்துகிறாள். "நான் எங்க கூப்பிட்டேன்? உங்க காதுக்குள்ள யாரோ குடி வந்திருக்காங்க, வாடகை வாங்குங்க!" கூடவே பாத்திரத்தை நங்கென்று வைக்கிற சத்தம்.

செத்தவர் குரலைக் கேட்க உட்கார்ந்தவள் என் குரலைக் கேட்டு நடுங்கிப்போனேன். நான்தான் அந்த வீட்டில் ஆவி மாதிரி இருக்கிறேன்.

காலடி திரும்பி வருகிறது. உட்காருகிறார். சிரிக்கிறார், வாலு. வாய்விட்டுச் சிரிக்கிறார். "கூப்பிடலையாம்" என்கிறார், தனக்குத்தானே. "பரவாயில்ல. ஒரு திட்டு லாபம்." தொண்டையைச் செருமிக்கொண்டு விட்ட வரியிலிருந்து வாசித்து முடிக்கிறார். மற்ற அத்தியாயங்களில் இப்படி எழுந்துபோன இடங்களைப் பிழை திருத்துவது போல வெட்டியிருக்கிறார்; இதை வெட்ட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

அந்தத் திட்டை நான் இத்தனை மாதமாகச் செலவில் எழுதி வைத்துக்கொண்டு வெந்தேன். அவர் அன்றைக்கே அதை வரவில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்.

யார் கூப்பிட்டது என்ற கேள்வியைப் பிரார்த்தனையிலிருந்து எடுத்துவிட்டேன். செத்துக்கொண்டிருந்த ஓர் இரும்பு. அதன் தட்டைக் கேட்டு நான்தான் என்று அவர் எழுந்து வந்தார். அதே தட்டைக் கேட்டு அவர்தான் என்று நான் போய் உட்கார்ந்தேன்.

எல்லா அத்தியாயத்தையும் உனக்கும் ஒரு பென் டிரைவில் போட்டிருக்கிறேன், இதோடு வரும். போன் பண்ணாதே என்றதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். பண்ணு. நேரிலும் வா. வாசலில் தேட வேண்டாம், செருப்பை உள்ளேயே கழற்று.

இன்னும் ஒன்று. இதற்கு மட்டும் நீ காரணம் எழுதி அனுப்பாதே. நேற்றுச் சாயங்காலம் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். அந்த அறையிலிருந்து டிக், டிக். இரண்டு. பழைய டிஸ்க் உன் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. புதியதில் துளிச் சத்தம் வராது என்று நீயே எழுதியிருக்கிறாய். பதிவு எதையும் நான் போட்டு வைக்கவில்லை. குழாய் சொட்டியிருக்கலாம். பல்லியாக இருக்கலாம்.

"இதோ வரேன்" என்றேன்.

அடுப்பைத் தணித்தேன். கையைக் கழுவித் துடைத்தேன். படியில் நிற்காமல் உள்ளே போனேன். மூடி இடுக்கில் வெளிச்சம் இருந்தது. நாற்காலி வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன்.

கூப்பிடலையாம் என்று சொல்லிக்கொண்டே திரும்பி வந்து மாவைப் பிசைந்தேன்.

அண்ணி